இரவல் டிக்கெட்

சந்தையில் அவளுக்குச் சம்மட்டி என்று பெயர். முகத்துக்கு நேரே சம்மட்டியக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் சம்மட்டி. மீன் விற்கிறவர்களைத் தாண்டி உள்ளே போனால் ஓரமாக இருக்கும் கறிக்கடை அவளுடையது. அவள் கையில் கத்தி ஏறிவிட்டால் வேடிக்கை பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். மூட்டு எங்கே என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். கத்தி நுனியை நுழைத்து ஒரு திருப்பு திருப்புவாள். எலும்பு நொறுங்காமல் கால் தனியாகக் கழன்று வரும். கொசுறு கேட்டு நச்சரிக்கிறவன்கூட அவள் கடையில் மட்டும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போவான்.

அந்தப் பெயர் சின்ன வயதில் வந்தது. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். குடித்தால் அடிப்பார், குடிக்கக் கிடைக்காவிட்டால் இன்னும் அடிப்பார். ஒரு மத்தியானம் அம்மாவின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தபோது, இவள் மூலையில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து அவர் தோளில் இறக்கினாள். ஆள் சுருண்டு விழுந்தார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. விழுந்தவரை மேலும் மேலும் அடித்தாள். தரையெல்லாம் ரத்தத்தில் வழுக்கியது. கடைசியில், அடி வாங்கிய அம்மாவே எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் அதற்குப் பிறகு தோளுக்கு மேலே ஏறவில்லை. சாகும்வரை அவருக்குச் சோறு போட்டவள் இவள்தான். அவர் இவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தெரு முழுக்க அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. விழுந்தது சம்மட்டி அடி என்று பெயரும் வைத்தது. ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று அவளுக்குத் தெரியும். அம்மாவைக் காப்பாற்றியது முதல் அடி. மிச்ச அடியெல்லாம் தனக்காக அடித்தது. அது இனித்தது. அந்த இனிப்புக்குப் பயந்தே அவள் பிறகு யார் மேலும் கை வைக்கவில்லை. பெற்ற மகளைச் செல்லமாகக்கூடத் தட்டியதில்லை. சந்தையில் எவனாவது வம்புக்கு வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயாலேயே அவனைக் கிழித்துத் தோரணம் கட்டி அனுப்புவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் டெய்லர். ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் அளவு நாடா. குரலை உயர்த்தத் தெரியாது. வாடிக்கையாளர் திட்டினாலும், "சரிங்க, பிரிச்சுத் தைச்சிடலாங்க" என்பார். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு கால்பந்து. அக்கம்பக்கத்து அணிகளுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுப்பது அவர்தான். ஆனால் மனசைக் கொடுத்தது தூர தேசத்து அணி ஒன்றுக்கு. மஞ்சள் சட்டைக்காரர்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே ரேடியோ ரிப்பேர் கடை டிவியில் அவர்களைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மயங்கியவர் மயங்கியவர்தான். அவர்கள் தோற்ற நாளில் வீட்டில் சாப்பாடு மிஞ்சும்.

அந்த தேசத்தில்தான் அவளுடைய தம்பி ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். "அக்கா, ஒரு தடவையாவது வந்து நான் இருக்கிற இடத்தைப் பாருங்க" என்று வருஷா வருஷம் கூப்பிடுவான். ஒருவழியாகக் கிளம்பினார்கள். கடையை மகளிடம் ஒப்படைத்தாள். பயணத் தேதியை டெய்லர்தான் குறித்தார். ஏன் அந்த வாரம் என்று அவளுக்கு விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. தம்பி இருக்கிற ஊரின் நீலச் சட்டை அணியோடு மோத, மஞ்சள்காரர்கள் அந்த வாரம் அங்கே வருகிறார்கள்.

"தம்பியப் பாக்கப் போறோம்னு நினைச்சேன். நீங்க பந்தைப் பாக்கப் போறீங்க" என்றாள்.

"ரெண்டும்தான், இவளே" என்றார் அவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

போய் இறங்கிய பிறகுதான் டிக்கெட் கிடைப்பது எத்தனை பெரிய பாடு என்று தெரிந்தது. வாசலில் போய் நின்றால் கொடுப்பார்கள் என்று டெய்லர் நினைத்திருந்தார். அந்த ஊரில் அப்படி இல்லை. நீலச் சங்கத்தின் இணையப் பக்கத்தைத் தம்பி திறந்து காட்டினான். அந்த மேட்சுக்கு மட்டும் உறுப்பினர் அல்லாதவருக்கு இல்லை என்று போட்டிருந்தது. சரி, வெளியூர்க்காரர்கள் உட்காரும் பகுதியில் இடம் கேட்கலாமே என்றால், அது மஞ்சள் சங்கத்தின் கையில் இருந்தது. வருஷம் முழுக்க அணியோடு ஊர் ஊராக அலைகிறவர்களுக்கே அவர்கள் கொடுப்பார்களாம். போனில் டிக்கெட் விற்கிறோம் என்று சொன்ன ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தம்பியோடு வேலை பார்க்கும் ஒருவன் அப்படி வாங்கிப் போனபோது, வாசலில் இயந்திரம் சிவப்பு விளக்குக் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தது.

மனசு கேட்காமல் டெய்லர் ஸ்டேடியத்துக்கே போனார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டிக்கெட் அம்மாள் பொறுமையாகச் சொன்னாள். தம்பி மொழிபெயர்த்தான்.

"மாமா, இந்த மேட்ச் வேண்டாம்ங்கிறாங்க. ரெண்டு ஊருக்கும் பழைய பகையாம். போன தடவை ஒரு ஆளு செத்துட்டானாம். அடுத்த வாரம் சின்ன டீமோட ஒண்ணு இருக்கு, நாளைக்கே பொம்பளைங்க மேட்ச் இருக்கு, ரெண்டுக்கும் தாராளமா டிக்கெட் தர்றேங்கிறாங்க."

"அடுத்த வாரம் நாங்க ஊர்ல இருப்போம்னு சொல்லு மச்சான்."

அந்த அம்மாள் தோளைக் குலுக்கினாள். டெய்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்கச் சம்மட்டிக்குத்தான் பொறுக்கவில்லை. பந்து எந்தப் பக்கம் போனால் யாருக்கு லாபம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. "தம்பி, வேற வழியே இல்லையா?" என்று அன்று சாயங்காலம் கேட்டவள் அவள்தான். அப்படிக் கேட்டதைப் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்து நொந்துகொண்டாள்.

வழி இருந்தது. கிடங்கின் ஸ்டோர்கீப்பரும் அவனுடைய இரண்டு அண்ணன்மாரும் நீல அணியின் பரம ரசிகர்கள். மூன்று பேருக்கும் வருஷ அட்டை உண்டு. அவர்கள் அப்பா உட்கார்ந்த இடம், அவர் போன பிறகு பிள்ளைகளுக்கு வந்தது. அந்த வாரம் குடும்பத்தில் ஒரு கல்யாணம், மூவரும் வெளியூர் போகிறார்கள். அட்டையை அடுத்தவருக்குக் கொடுப்பது சட்டத்துக்கு ஒத்து வராது. இருந்தாலும் ஸ்டோர்கீப்பர் தம்பியின் கையில் மூன்று அட்டைகளையும் வைத்தான். காசு வேண்டாம் என்றுவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொன்னான் மாமா" என்றான் தம்பி. "அந்த இடம் கோல் கம்பத்துக்குப் பின்னாடி. ஊர்லயே முரட்டுக் கூட்டம் அங்கதான் நிக்கும். மஞ்சள் கலர் நூலு கூட உடம்புல இருக்கக் கூடாது. மஞ்சள்காரன் கோல் போட்டா கல்லு மாதிரி நிக்கணும். கை தட்டக் கூடாது, வாயத் திறக்கக் கூடாது. முடியுமா?"

"அப்படியே நிப்பேன். சத்தியம்" என்றார் டெய்லர்.

சத்தியத்தை அவர் கடைசிவரை காப்பாற்றினார். அதை யாரும் மறுக்க முடியாது.

மேட்ச் பட்டப்பகலில் நடந்தது. வாசலில் குதிரைப் போலீஸ். நீலத் துண்டு கழுத்தில் கட்டிய ஆயிரக்கணக்கான ஆம்பிளைகள். மஞ்சள்காரர்கள் வந்த பஸ்ஸின் கண்ணாடியை யாரோ பாட்டில் எறிந்து உடைத்திருந்தார்கள். சாலையில் அந்தக் கண்ணாடிச் சில்லுகள் செருப்பில் நெறுநெறுவென்றன. மூன்று அட்டைக்கும் இயந்திரம் பச்சை விளக்குக் காட்டியது. உள்ளே போனதும் டெய்லருக்கு மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. புல் அத்தனை பச்சை. மஞ்சள்காரர்கள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஓடினார்கள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை.

முதலில் நீலம் கோல் போட்டது. பக்கத்தில் நின்ற மொட்டைத் தலையன் ஒருவன் டெய்லரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிச் சுற்றினான். நெற்றியில் முத்தம்கூடக் கொடுத்தான். அவன் வாயில் பீர் நாற்றம். சம்மட்டிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல ஆள்தான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் மஞ்சள் பதில் கோல் போட்டது.

அந்தப் பகுதி முழுக்க அப்படியே அவிந்தது. எதிர் மூலையில் மஞ்சள் கூட்டம் குதிக்கிற சத்தம் மட்டும் எங்கோ கேட்டது. டெய்லர் கல் மாதிரி நின்றார். கை அசையவில்லை, வாய் திறக்கவில்லை. ஆனால் முகம் சிரித்தது. அவருக்கே தெரியாமல், பிறந்த குழந்தையைப் பார்க்கிற மனுஷன் மாதிரி, கண்ணும் கன்னமும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தன.

மொட்டைத் தலையன் அதைப் பார்த்துவிட்டான்.

டெய்லரின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். என்னவோ கேட்டான். தம்பி குறுக்கே புகுந்து, "வெளியூர்க்காரர்ங்க, ஒண்ணும் தெரியாதுங்க" என்று அவர்கள் பாஷையில் கெஞ்சினான். யார் கேட்டார்கள். மொட்டை தன் நெற்றியை ஓங்கி டெய்லரின் மூக்கில் இறக்கினான். கண்ணாடி உடைந்து கன்னத்தில் குத்தியது. அவர் பின்னால் சரிந்து இருக்கைகளுக்கு நடுவே விழுந்தார். "மஞ்சள்! மஞ்சள்!" என்று யாரோ கத்த, மேல் வரிசையிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துப் படியில் உருட்டினார்கள். அவன் தலை கைப்பிடிக் கம்பியில் மோதிய சத்தம் கேட்டது.

சம்மட்டி புருஷன் மேல் விழுந்து மூடிக்கொண்டாள். உதைகள் அவள் முதுகில் விழுந்தன. விலா எலும்பு ஒன்று முறிந்தது, அவளே உணர்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். கையை ஓங்காதே, ஓங்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆரஞ்சு அங்கி போட்ட காவலர்கள் கீழே எங்கோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தால் போதும்.

டெய்லரின் வலது கை மட்டும் அவள் உடம்புக்கு வெளியே, படியில் விரிந்து கிடந்தது. மொட்டை அதைப் பார்த்தான். பார்த்துத்தான் மிதித்தான். பூட்ஸ் குதிகாலால், முழு எடையையும் போட்டு.

எலும்பு உடையும் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம். தினமும் கேட்பது. அது உயிரோடு இருக்கிற கையிலிருந்து, அதுவும் அந்தக் கையிலிருந்து வந்தபோது, அவள் எழுந்துவிட்டாள்.

முதலில் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். சாய்ந்தவனின் கையை மணிக்கட்டில் பற்றி, மறு கையின் கட்டைவிரலால் தோள் மூட்டைத் தேடி, ஒரு திருப்பு. கை கழன்று தொங்கியது. அவன் அலறினான். பின்னாலிருந்து அவள் முடியைப் பிடித்தவனுக்கு முழங்கை தொண்டையில் போனது. அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது ஆள் இதைப் பார்த்துப் பின்வாங்கினான். கூட்டம் விலகியது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஆனால் அவளுக்கு முடியவில்லை.

மொட்டையின் மார்பில் முழங்காலை ஊன்றி முகத்தில் குத்தினாள். ஒரே இடத்தில் குத்தினாள். கண்ணுக்குக் கீழே எலும்பு உள்வாங்கியது. அவன் பல் ஒன்று உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அழுதான். பெரிய ஆம்பிளை, அம்மாவைக் கூப்பிடுகிறவன் மாதிரி அழுதான். "அக்கா போதும்! அக்கா விடுங்க!" என்று தம்பி கத்துவது காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. தோளைப் பிடித்த காவலருக்கும் ஓங்கி ஒன்று விட்டாள். அவர் தொப்பி பறந்தது. அந்தப் பழைய இனிப்பு நாக்கில் ஊறிக்கொண்டிருந்தது.

"இவளே" என்றது ஒரு குரல், காலடியிலிருந்து. "இவளே, நான் இங்க இருக்கேன். இந்தப் பக்கம் பாரு."

அவள் பார்த்தாள். டெய்லர் ரத்தத்தோடு முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். நசுங்கிய கையை நெஞ்சோடு அணைத்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளை. அந்தக் கண்களில் இருந்த பயம் மொட்டையைப் பார்த்து வந்த பயம் இல்லை.

மருத்துவமனையில் விலாவுக்குக் கட்டுப் போட்டதும் அவளைப் போலீஸ் அறைக்குக் கூட்டிப் போனார்கள். வெள்ளைச் சுவர், ஒரு மேஜை, தண்ணீர் பாட்டில். தலையில் தையலோடு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். அதிகாரி ஒரு பெண், அவள் வயதுதான் இருக்கும். ஸ்டேடியம் கேமரா எடுத்ததை ஓட்டிக் காட்டினாள். டெய்லர் விழுவது, அவள் மேலே படுத்துக்கொள்வது, மிதி, கை கழன்று தொங்குவது. அங்கே நிறுத்தினாள்.

"இதுவரைக்கும் எனக்குப் புரியுதுங்கிறாங்க" என்றான் தம்பி. "இதுக்குப் பிறகு ஏன்னு கேக்குறாங்க."

சம்மட்டி அந்த நின்ற படத்தையே பார்த்தாள். "அடிக்கணும்னு தோணுச்சு, அடிச்சேன்னு சொல்லு."

தம்பி திரும்பி அதிகாரியிடம் நிறையப் பேசினான். பேச்சு நீளமாக இருந்தது. தன் ஒரு வரி எப்படி இவ்வளவு நீளும் என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"என்னடா சொன்னே?"

"பயத்துல என்ன பண்றோம்னே தெரியலன்னு சொன்னேன். பேசாம இருங்கக்கா. உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."

"நான் சொன்னதச் சொல்லுடா. பயம் இல்ல. அவன் விழுந்துட்டான்னு தெரியும். நீ கத்துனதும் கேட்டுச்சு."

தம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அதிகாரி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வேறொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தாள். சம்மட்டி முதலிலிருந்து சொன்னாள், ஒன்றையும் விடாமல்.

உண்மையைச் சொன்னதால் தண்டனை கூடியதா குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது. மொட்டைக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் சிறை. மொட்டைக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிப் போனதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். அவள் சில வாரம் காவலில் இருந்தாள். பிறகு, மறுபடி இந்த மாதிரி நடந்தால் சிறை, இனி இந்த தேசத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று எழுதி விமானம் ஏற்றினார்கள்.

காவலிலிருந்து விட்ட பிறகு, விமானம் ஏறும் நாள்வரை அவள் தம்பியின் அறையில் இருந்தபோது, ஸ்டோர்கீப்பர் அங்கே வந்தான். கதவைத் திறந்த மாத்திரத்தில் தம்பியின் முகத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். மேஜையில் இருந்த தட்டுகளை வாரித் தரையில் அடித்தான். அட்டை மூன்றையும் சங்கம் ஆயுளுக்கும் ரத்து செய்துவிட்டது. அப்பாவின் இடத்தில் இனி யாரோ உட்காருவார்கள். கத்திக்கொண்டே இருந்தவன் திடீரென்று கட்டிலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். சம்மட்டிக்கு அவன் பாஷை தெரியாது. குனிய முடியாத விலாவோடு கீழே உட்கார்ந்து, உடைந்த தட்டுகளைப் பொறுக்கினாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. தம்பி பிறகு அந்தக் கிடங்கை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான்.

ஊருக்கு வந்தால் சந்தை காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கேமராப் படம் எப்படியோ எல்லார் போனிலும் வந்துவிட்டிருந்தது. பூக்காரி ஓடி வந்து கன்னத்தைக் கிள்ளினாள். மீன்காரர்கள் விசில் அடித்தார்கள். "வெளிநாட்டுக்காரனையே புரட்டி எடுத்துட்டியே சம்மட்டியக்கா!" ஒருத்தன் கடை முன்னால் தொங்கிய முன்னங்காலைக் காட்டி, "அந்தத் தோளத் திருப்புனியே, அது எப்படின்னு இதுல ஒரு தடவை செஞ்சு காட்டேன்" என்றான். கூட்டம் சிரித்தது. போன்கள் உயர்ந்தன. அவள் கத்தியைக் கழுவி வைத்தாள், ஷட்டரை இறக்கினாள், வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று வாங்கிப் போட்ட கறியை மகள்தான் வந்து விற்றாள்.

டெய்லரிடம் யாராவது கதை கேட்டால், "மேட்ச் ஒண்ணுக்கு ஒண்ணு டிராங்க" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. துணி வெட்டுவதற்கு ஆள் வைத்துக்கொண்டு, தையலை மட்டும் மெதுவாகத் தானே தைத்தார்.

வீட்டில் இருவரும் முன்பு போலவே பேசினார்கள், சாப்பிட்டார்கள். ஆனால் அவள் அலமாரியிலிருந்து எதையாவது எடுக்கச் சட்டென்று கையைத் தூக்கினால், அவர் தோள்கள் ஒடுங்கின. அவருக்கே தெரியாமல் ஒடுங்கின. முதல் தடவை பார்த்தபோது தற்செயல் என்று நினைத்தாள். அப்புறம் கையை மெதுவாகத் தூக்கப் பழகினாள். அப்படியும் அது நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையால் வலது கை நகத்தை வெட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அவள் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னப் பாத்தா பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் நகம் வெட்டுவதை நிறுத்தினார். இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"இருக்கு" என்றார். "நீ எனக்காக எழுந்த பாரு, அது எனக்குத் தெரியும். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் நீ என்னை மறந்துட்ட. உன் முகத்துல நான் இல்ல. அதான்."

"சின்ன வயசுலயும் அப்படித்தான்" என்றாள் அவள். அப்பாவை அடித்த கதை அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அன்றைக்குத்தான் மிச்சத்தைச் சொன்னாள். இனித்ததைச் சொன்னாள். ஸ்டேடியத்திலும் இனித்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே இவளே" என்றார் அவர் கடைசியில்.

"சொன்னா நீங்க என்னைக் கட்டியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியல" என்றார். பிறகு நகவெட்டியை அவளிடம் நீட்டி, வலது கையை அவள் மடியில் வைத்தார். அது லேசாக நடுங்கியது. அவள் வெட்ட ஆரம்பிக்கவில்லை. அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, நடுக்கம் அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.